காற்றடித்த படகுக்கு எத்தனை நட்சத்திரம்?

போன திங்கட்கிழமையிலிருந்து என் போனுக்கு ஒரே மெசேஜ் விடாமல் வருகிறது. ‘நீங்கள் வாங்கிய பொருள் எப்படி இருக்கிறது? உறுதிக்கு எத்தனை நட்சத்திரம்? சொகுசுக்கு எத்தனை நட்சத்திரம்? யாருக்குப் பரிந்துரைப்பீர்கள்?’

பெண்ணைக் கொடுத்த மாமனார்கூட என்னிடம் இத்தனை அக்கறையாக விசாரித்ததில்லை.

பொருள் என்ன தெரியுமா? காற்றடிக்கும் கயாக். மடித்தால் பை, காற்றடித்தால் படகு. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் உட்காரலாம். இரண்டு துடுப்பு, காலால் மிதிக்கிற பம்ப் ஒன்று, கிழிந்தால் ஒட்ட ஒரு சின்ன பாக்கெட்டில் பசையும் ஒட்டுத் துண்டும்.

எர்ணாவூர்க்காரனுக்கு எதற்கய்யா கயாக் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் தெருவில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. “ரெண்டு பேருக்குத்தானா? பத்தாதே” என்றுதான் சொன்னார்கள்.

காரணம் உங்களுக்கே தெரியும். மழை பெரிதாகப் பெய்தால் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரும். எங்கள் வீடோ தரைத்தளம். சென்ற முறை வந்தது வெறும் தண்ணீரும் இல்லை... மேலே கறுப்பாக எண்ணெய் மிதந்து வந்தது. சுவரில் அது போட்ட கோட்டை மூன்று முறை பெயின்ட் அடித்தும் மறைக்க முடியவில்லை.

அன்று என் மனைவி கலாவதி விடிந்ததிலிருந்து சாயங்காலம் வரை சமையல் மேடைமேல் உட்கார்ந்திருந்தாள். தனியாக. முதுகில் டிஸ்க் கோளாறு உள்ளவள். நாற்காலியிலேயே அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது.

நான் எங்கே இருந்தேன்? சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வெளியூரில் ஏசி ஹாலில், மாலையும் கழுத்துமாக மேடையில் இருந்தேன். பேசிய தலைப்பு — ‘வடசென்னையும் தண்ணீரும்’. நல்ல கைதட்டல்.

தண்ணீர் வடிந்த மறுநாளே கலாவதி முடிவெடுத்துவிட்டாள். அடுத்த மழைக்கு முன்னால் வீட்டைக் காலி செய்துவிட்டு, மேடவாக்கத்தில் மகள் இருக்கும் அபார்ட்மென்ட்டுக்குப் போய்விட வேண்டும். ஏழாவது மாடி.

என்னால் முடியுமா? இந்த ஊர்க் காற்றைப் பற்றியும் புகையைப் பற்றியும் எழுதியே பேர் வாங்கியவன். மேடவாக்கத்து பால்கனியில் உட்கார்ந்துகொண்டு எர்ணாவூரைப் பற்றி எழுதினால் நீங்கள் சிரிக்க மாட்டீர்களா? மேலும், அங்கே மட்டும் தண்ணீர் வராதா என்ன? வந்தால் லிஃப்ட் நிற்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்படியே மாதக்கணக்கில் மல்லுக்கட்டினோம். ஒருநாள் வீராப்பாக, “உனக்குப் பயம் தண்ணிதானே? போட்டே வாங்கிடறேன்” என்று சொல்லி, சொன்ன வேகத்தில் ஆர்டரும் போட்டுவிட்டேன்.

பை வந்திறங்கியது. கலாவதி அதை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

“இதுல நான் குந்துவேன். ஒரு மணி நேரம். முதுகு வலிக்கக் கூடாது, போட்டும் கீயக் கூடாது. ரெண்டுல ஒண்ணு ஆனாக்கூட மேடவாக்கம். சரியா?”

சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

உறுதியைச் சோதிக்க ஏழுமலையைக் கூப்பிட்டேன். என்னோடு அஞ்சாம் கிளாஸ் வரை படித்தவன், எண்ணூர் ஆற்றில் ஃபைபர் போட் வைத்து மீன் பிடிப்பவன். அன்றைக்கு சாயங்காலம் கலாவதியை சமையல் மேடையிலிருந்து இறக்கிக் கூட்டிப் போனதும் அவன் படகுதான்.

கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே ஷேர் ஆட்டோவில் பையை மடியில் வைத்துக்கொண்டு நானும் கலாவதியும் ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் எதிர்க்கரையில் வழக்கம்போலப் புகைத்துக்கொண்டிருந்தன. நான் பம்பை மிதித்தேன்... மிதித்தேன்... மிதித்துக்கொண்டே இருந்தேன். இருபது நிமிடத்தில் படகு தடித்தது, நான் இளைத்தேன்.

ஏழுமலை படகைக் கிள்ளினான். மோந்து பார்த்தான். காதை வைத்துக் கேட்டான்.

“இன்னா மாமு இது, கொயந்தைங்கோ குளிக்கிற தொட்டி மாரி கீது? இஞ்சின் எங்க வுடுவ?”

“இஞ்சின் கிடையாதுடா. துடுப்புதான்.”

“அப்ப நம்ம தாத்தா காலத்துக்குப் போயிட்டன்னு சொல்லு.”

பிறகு ஆரம்பித்தான் பாருங்கள் சோதனை! கிளிஞ்சல் குத்துகிற சேற்றில் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடினான். நங்கூரத்தைத் தூக்கி உள்ளே போட்டான். ஐஸ் பெட்டி, ஈர வலை, எல்லாவற்றையும் ஏற்றினான். கடைசியில் தானும் ஏறி நின்று குதித்தான். எண்பத்தைந்து கிலோ ஆள். அவன் குதித்தது என் வீட்டின்மேல் அல்லவா?

கிழியவில்லை. ஒரு கீறல்கூட இல்லை. ஏழுமலை முகத்தில் ஒரு வருத்தம்... மரத்தையும் ஃபைபரையும் நம்பி வாழ்ந்தவனை ஒரு ரப்பர் பொம்மை ஏமாற்றிவிட்டதே என்று.

“தாங்குது நைனா” என்றான் சுரத்தில்லாமல். “இன்னாத்த சொல்றது? தாங்குது.”

உறுதியில் பாஸ். அடுத்தது சொகுசு.

முதலில் நான் உட்கார்ந்து பார்த்தேன். துடுப்பு போடும் ஒவ்வொரு தடவையும் தண்ணீர் சொட்டிச் சொட்டி சீட்டின் அடியில் தேங்குகிறது. ஐந்து நிமிடத்தில் பின்புறம் ஊறிவிட்டது. முட்டி மோவாய்க்கு வந்துவிட்டது. இணையத்தில் ‘சோபா போல இருக்கிறது’ என்று எழுதியவர் வீட்டு சோபாவை ஒருமுறை நேரில் பார்க்க ஆசையாக இருந்தது.

கலாவதி லைஃப் ஜாக்கெட்டைக் கட்டிக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள். நான் பின்சீட்டில். ஏழுமலை இடுப்பளவுத் தண்ணீரில் கயிற்றைப் பிடித்தபடி கூடவே நடந்து வந்தான்.

பத்து நிமிடம். பேச்சில்லை. இருபது நிமிடம். மூச். கலாவதி இருபது நிமிடம் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று முப்பத்திநாலு வருட அனுபவசாலிக்குத் தெரியாதா? மேடவாக்கத்துக்குச் சாமான் ஏற்ற லாரி சொல்ல வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது முன்சீட்டிலிருந்து ஒரு சத்தம்.

குறட்டை!

ஏழுமலை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். காற்றடித்த அந்த முதுகுச் சாய்மானம் அவள் டிஸ்க்குக்கு அப்படிப் பொருந்திவிட்டது. ஆர்த்தோ டாக்டர், பெல்ட், தைலம் எதற்கும் மசியாத முதுகு எண்ணூர் ஆற்றில் தூங்கியது. ஜெயித்துவிட்டோம்!

ஒரு மணி நேரம் முடியப்போகிற நேரம் பார்த்து என் போன் அடித்தது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு விழாக் குழுவினர். டிசம்பரில் மூன்று நாள் நிகழ்ச்சி, சிறப்புரை நான்தானாம். துடுப்பை வைத்துக்கொண்டு பேச முடியுமா? படகு கரையோரம் ஒதுங்கியிருந்தது. சத்தம் போடாமல் இறங்கி, மணல் திட்டில் ஏறி நின்றுகொண்டு, “வந்துடறேங்க, எனக்கென்ன வேலை...” என்று கதை பேச ஆரம்பித்தேன். ஏழுமலையும் பீடி பற்றவைக்கக் கயிற்றை விட்டுவிட்டான்.

பின்சீட் காலியானதும் படகின் மூக்கு இறங்கியது. கடலிலிருந்து ஏறிய நீரோட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. நேராகப் போகாமல் அங்கேயே வட்டம் போட ஆரம்பித்தது. ஒரு சுற்று... இரண்டு சுற்று...

கலாவதி விழித்துப் பார்த்தாள். திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஆளில்லை.

கத்தவில்லை. ஏழுமலை பாய்ந்து கயிற்றைப் பிடிக்கும்வரை, சுற்றுகிற ஒவ்வொரு சுற்றிலும் என்னைப் பார்த்தாள். நான் போனை காதில் வைத்தபடி நின்றுகொண்டிருந்தேன். இடுப்பளவுத் தண்ணீர்தான், ஆபத்தொன்றும் இல்லை. ஆனாலும் அந்தப் பார்வைக்கு என்னால் முகம் கொடுக்க முடியவில்லை.

கரையேறியதும், “முதுகு வலிக்கல” என்றாள். அவ்வளவுதான் தீர்ப்பு. நான் பாஸ் என்று எடுத்துக்கொண்டேன்.

இதோடு விட்டிருந்தால் நாங்கள் எர்ணாவூர்க்காரர்களே இல்லை.

சைக்கிள் வாங்கினாலே பூஜை போடுகிற ஊர். உயிரைக் காப்பாற்றப் போகிற படகைப் பூஜை போடாமல் பரணில் ஏற்றலாமா? வெள்ளிக்கிழமை காலை வாசலில் படகுக்குக் காற்றடித்தேன். கலாவதி சந்தனமும் குங்குமமும் வைத்தாள், மூக்கில் சாமந்தி மாலை போட்டாள். எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்று ஒரு விவாதம் — சக்கரம் இல்லையே! ஏழுமலை ஆளுக்கொரு முனையைத் தூக்கிப் பழத்தின்மேல் போடச் சொன்னான். பழம் நசுங்கவில்லை. தெருவே கைகொட்டிச் சிரித்தது.

அப்புறம் பூசணிக்காய். அதன் தலையில் கட்டிக் கற்பூரத்தைக் கொளுத்தி, ஏழுமலை படகைச் சுற்றி வந்தான். முதல் சுற்று ஆயிற்று. இரண்டாம் சுற்றும் ஆயிற்று. மூன்றாவது சுற்றில் கடல் காற்று ஒரு வீசு வீசியது. எரிகிற கற்பூரம் வழுக்கிக்கொண்டு போய் படகின் இடது விலாவில் உட்கார்ந்தது.

புஸ்ஸ்ஸ்...

கிளிஞ்சலைத் தாங்கியது. நங்கூரத்தைத் தாங்கியது. ஏழுமலையையே தாங்கியது. பக்தியைத் தாங்கவில்லை.

படகு மாலையோடு இடது பக்கம் மண்டியிட்டது. ஏழுமலை கையில் பூசணிக்காயோடு அப்படியே நின்றான். “அண்ணி, சத்தியமா காத்து அண்ணி...” போச்சு. கீயக் கூடாது என்றாளே! கலாவதி வாயைத் திறந்தால் மேடவாக்கம்தான்.

கலாவதி வாயைத் திறந்தாள். “வுடுங்கண்ணே. திருஷ்டி கயிஞ்சுது. அந்தப் பூசணிய ஒடச்சுட்டு நாஸ்தா துன்ன வாங்க.”

பையிலிருந்த ஒட்டுத் துண்டைப் பசை தடவி நானே ஒட்டினேன். ஒருநாள் முழுக்கக் காயவிட்டு மறுபடி காற்றடித்துப் பார்த்தோம், கசியவில்லை. கறுப்பாக, வட்டமாக, குழந்தை கன்னத்துத் திருஷ்டிப்பொட்டு மாதிரி இருக்கிறது. படகு இப்போது ஹாலில்தான் கிடக்கிறது. கலாவதி அதில் சாய்ந்துகொண்டு டிவி பார்க்கிறாள்.

“அப்ப மேடவாக்கம் இல்லதானே?” என்று நேற்று மெதுவாகக் கேட்டேன்.

டிவியை நிறுத்தினாள்.

“அன்னிக்கு நான் தண்ணிக்குப் பயப்படல. ராயபுரத்துல பொறந்தவ, எனக்கு இன்னா தண்ணி? மேடை மேல குந்திக்கினு உங்களுக்கு போன் போட்டுகினே இருந்தேன். ரிங்கு போவுது... போவுது... எடுக்கல. செத்துட்டாக்கூட இந்த மனுசனுக்குத் தெரியாதேன்னு அயுதேன். இப்ப போட்டு கீது. நல்லாத்தான் கீது. ஆனா பின்சீட்டுல ஆள் இல்லேன்னா அது நேரா போவாது. பாத்தீங்கல்ல?”

இத்தனை மாதமாக நான் ஏழாவது மாடியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். என்ன மடத்தனம்! எழுந்து வாசலுக்குப் போய் கோயம்புத்தூருக்கு போன் போட்டேன்.

“டிசம்பர்ல வர முடியாதுங்க. எனக்கு வீட்ல ஒரு சீட் போட்டிருக்காங்க.”

“எந்தக் கட்சியில சார்?” என்றார் அவர் பரபரப்பாக.

ஹாலிலிருந்து கலாவதி சிரிக்கும் சத்தம் கேட்டது. அதைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

இன்று காலை அந்த மெசேஜுக்குப் பதில் எழுதி முடித்தேன். உறுதி — நான்கு நட்சத்திரம். கற்பூரத்துக்காக ஒன்று குறைத்திருக்கிறேன். சொகுசு — முன்சீட்டுக்கு ஐந்து, பின்சீட்டுக்கு ஒன்று.

யாருக்குப் பரிந்துரைப்பீர்கள்?

மழைக்காலத்தில் வெளியூர்க் கூட்டத்துக்குத் தேதி கொடுக்கும் கணவர்களுக்கு. பின்சீட் மட்டும்.