அப்பா அழுத அழுகை

பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் நான், என் அக்கா, பூ அச்சுப் போட்ட பாத்தேக் சட்டையில் ஒரு பேராசிரியர். நாங்கள் குடியிருந்த ரயில்வே குவார்ட்டர்ஸ் பற்றிய தன் ஆய்வை எல்லோரும் படிக்கிற மாதிரி திருத்தியிருந்தார். பேனா மூடியைக் கடித்துக் கடித்து வாசித்தார்.

"குவார்ட்டர்ஸை இடித்த அன்று நான் சுவரைப் பிடித்து அழுதேன்."

அழுதது எங்கள் அப்பா. இவருக்குச் சொன்னதே நான்தான்.

"அன்னைக்கு நீங்க அங்க இல்லியே சார்," என்றேன்.

"'நான்'னு எழுதினாத்தான் ஜனங்க படிப்பாங்கண்ணே. வெறும் சரித்திரம் போரடிக்கும் லா."

"அப்ப எங்கப்பா எங்க?" என்றாள் அக்கா.

"கடைசிப் பக்கத்துல உங்களுக்கு நன்றி போட்டிருக்கேன் அக்கா."

"நன்றிய நீங்களே வச்சுக்குங்க."

அவர் மூடியைக் கடித்தார். கொஞ்சமும் கூசாத அந்த முகம் எனக்கு இன்னும் புரியவில்லை. தாளை வாங்கிப் பார்த்தேன். அப்பா எங்குமே இல்லை. 'நான்' எத்தனை என்று எண்ணினேன்.

பதினேழு.