ஐஸ் அக்காவின் இரண்டாவது படி

வெல்டருக்கு இருபத்தெட்டு வருஷமாக ஆறாத கோபம் ஒன்று உண்டு. பதினைந்து வயதில் முழங்கால் பன்னு மாதிரி வீங்கிக் கிடந்தபோது, "ஓடுடா, ஓட ஓடச் சரியாப் போயிடும்" என்று அன்றைய கோச் அவரைக் கால்பந்து இறுதி ஆட்டத்தில் இறக்கிவிட்டார். கூட இருந்தவர்களில் ஒருத்தரும் வேண்டாம் என்று வாய் திறக்கவில்லை. அன்று போன கால் போனதுதான். இன்றும் குந்தி உட்கார்ந்து பற்றவைத்தால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும். அதிலிருந்து மைதானத்தில் ஓர் ஆளையும் அவர் நம்பமாட்டார்.

ஐஸ் அக்காவை அறவே நம்பமாட்டார். பை தைக்கும் கம்பெனியில் நாலு மணிக்கு வேலை முடிந்ததும், அடிபட்ட காலுக்கு வைக்க ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வெல்டரின் மகளும் ஆடுகிற பெண்பிள்ளைகளின் கால்பந்து மைதானத்துக்கு வந்துவிடுவாள். சம்பளம் கிடையாது. ஒவ்வொருத்தியையும் கேலரியின் இரண்டாவது படியில் ஏற்றி, ஒற்றைக்காலில் குதித்து மூன்று எண்ணும்வரை ஆடாமல் நிற்கச் சொல்வாள். முழங்கால் உள்பக்கம் சரிந்தால் அன்றைக்கு பெஞ்சுதான். கோச்சே அவள் பேச்சைத் தட்டமாட்டார்.

"சும்மா ஒருத்தி எதுக்குய்யா வெயில்ல காயறா? உள்ள ஏதோ இருக்கு" என்பார் வெல்டர்.

"நான் ஊத்துற டீயில தண்ணி எவ்வளவுன்னு அளக்குற ஆளாச்சே நீங்க" என்று டீக்கடைக்காரர் சிரிப்பார்.

ஒருநாள் விஷயம் தெரிந்துவிட்டது. வெல்டர் மகளுக்கு மாற்று ஆட்டக்காரி ஐஸ் அக்காவின் சொந்த மகள்!

அணித் தேர்வு ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கையில், "இறங்கும்போது முட்டி குத்துதுப்பா" என்றாள் மகள். அந்தப் பொம்பளைக்குத் தெரிந்தால் தீர்ந்தது கதை என்று நினைத்தார் வெல்டர். ஆட்டத்தன்று வண்டி நிறுத்தும் இடத்தில் வைத்து, மரத்துப்போகிற ஸ்ப்ரேயை முட்டியில் அடித்தார்.

"இப்ப வலிக்குதா?"

"இல்லப்பா. ஆனா அது என் காலு மாதிரியே இல்ல."

மகள் குதித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. முட்டி சரியவில்லை. வெல்டர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். ஐஸ் அக்கா அவள் ஷூ கயிற்றை இறுக்கக் குனிந்தவள், ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு நேரே வெல்டரிடம் வந்தாள்.

"அண்ணே, அந்த டப்பா எங்க?"

"எந்த டப்பா?"

"எனக்கு மூக்கு இருக்குண்ணே."

"உன் பொண்ணை உள்ள இறக்கத்தானே இந்த நாடகம்?"

அவள் முகம் சுளிக்கவில்லை. "போன மாசம் அவளையே ரெண்டு வாரம் உக்கார வெச்சேன். மூணு நாள் எங்கூடப் பேசல. ஆனா இன்னைக்கு நான் வாயத் தொறந்தா, நீங்க சொன்னதத்தான் எல்லாரும் சொல்வாங்க."

வெல்டரின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. டப்பா இன்னும் சில்லென்றிருந்தது. மகள் கோட்டருகே நின்று, உணர்ச்சியில்லாத காலைத் தரையில் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோச் விசிலை வாயில் வைத்தார்.

"அண்ணே, அன்னைக்கு உங்களுக்காகப் பேச ஒரு நாதியில்லன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறீங்களே. ஓடுங்க. அவ ஆட வேணாம்னு நீங்களே போய் கோச்சுகிட்ட சொல்லுங்க."