கண்ணாடியைக் கழற்றிய ஐயர்

எங்கள் லுத்தரன் சபையில் போதகரை ஐயர் என்போம். இந்த ஐயர் இறையியல் கல்லூரியில் பாடம் நடத்தியவர். ஜெபிக்கும்போது மனித மனம் என்ன செய்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அதற்காகத் திருவாரூர்ப் பக்கத்துச் சபைகளில் வீடு வீடாகப் போய், "ஜெபத்துல உண்மையா மனசுல என்னம்மா ஓடுச்சு?" என்று கேட்பார். நெட்டையான மனிதர், வேட்டி நுனியில் எப்போதும் வரப்புப் புழுதி. நாம் பேசத் தொடங்கியதும் தடித்த கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார்.

ஆற்றில் தண்ணீர் சரியாக வராத வருஷங்கள் அவை. ஞாயிறுதோறும் யாருக்காவது விசா கிடைக்கச் சபையே ஜெபிக்கும். என் கணவருக்கும் ஜெபித்தார்கள். கிடைத்தது, துபாய்க்குப் போய்விட்டார்.

ஐயர் கேட்டபோது சொல்லிவிட்டேன். "எல்லாரும் விசா வரணும்னு ஜெபிச்சாங்க. நான் மட்டும் வரக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். வாய்தான் ஆமென் சொல்லுச்சு. இது பாவமாங்க ஐயரே?"

அவர் மடியிலிருந்த கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சல் வந்தது. "கண்ணாடியை ஏங்க கழட்டிட்டீங்க?"

"முகம் தெளிவா தெரிஞ்சா பிரசங்கம் பண்ண ஆரம்பிச்சிடுவேம்மா. பாவமான்னு எனக்குத் தெரியல. ஆனா நீங்க மட்டும்னு நினைக்காதீங்க. இந்தச் சபையிலயே இன்னும் சிலர் இதைச் சொல்லியிருக்காங்க."

அடுத்த ஞாயிறு விசா ஜெபத்தின்போது நான் கண்ணை மூடவில்லை. பெண்கள் பக்கம் ஒவ்வொரு முக்காடாகப் பார்த்தேன். யாரென்று தெரியவில்லை. ஆமென் மட்டும் வழக்கம்போல் கணீரென்று ஒலித்தது.

முன்வரிசையில் ஐயரும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்மூடி நின்றார். அவர் மனதில் என்ன ஓடியது என்று எங்களில் ஒருவரும் கேட்டதே இல்லை.