வேரை விட்டுவிட்டார்கள்

பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்லும் அவளை எல்லோரும் மைக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முன்பொரு முறை வலப்பக்க ஞானப்பல்லை நெம்பிப் பிடுங்கியபோது, தாடைக்குள் ஓடும் நரம்பு நசுங்கி, கீழுதட்டில் பாதி மரத்துப்போனது. போகப்போகச் சரியாகும் என்றார்கள், ஆகவில்லை. தேநீர் வழிந்தால் கணவர்தான் கண்ஜாடை காட்டுவார். மகள் அந்தப் பக்கம் மோவாயில் முத்தமிட்டால் சத்தம் மட்டும் கேட்கும். வேறு யாருடைய உதடோ தன் முகத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் இருக்கும் அவளுக்கு.

பிறகு இடப்பக்க ஞானப்பல்லும் தொல்லை கொடுக்க ஆரம்பித்தது. சூடு கண்ட பூனை. மாத்திரையிலேயே நாளைக் கடத்தினாள். வாய் திறக்க முடியாமல் கன்னம் வீங்கிய அன்று கணவர் சொன்னார்: "பல்லக் கடிச்சுக்கிட்டு பொறுத்துக்கன்னுகூடச் சொல்ல முடியாதுடி. உன்னால கடிக்கவே முடியலயே!"

இந்த முறை வேறொரு மருத்துவர், இளம்பெண். ஸ்கேனைக் காட்டினாள். பல்லின் வேர் நரம்பின்மேல் சாய்ந்து கிடந்தது.

"முழுசா எடுத்தா நரம்புல படலாம்க்கா. மேல் பாதிய மட்டும் வெட்டி எடுத்துட்டு, வேர அப்படியே விட்டுடலாம்."

"உள்ளயே கெடந்து அழுகாதா?"

"பெரும்பாலும் அழுகாது. அதுக்கு உயிர் இருக்கும். மேல எலும்பு மூடிக்கும்."

உயிர் இருக்கும் என்ற சொல் அவளை என்னவோ செய்தது. ஆனாலும் தலையாட்டினாள்.

ஊசி போட்டதும் மிச்சமிருந்த பாதி உதடும் செத்தது. வீட்டில் ஐஸ் பையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கணவர் விரலை நீட்டினார்.

"தொட்டுப் பாக்கட்டுமா?"

"வேணாங்க. தெரியாம இருக்கறதே மேல்."

சாயங்காலம் இடப்பக்க உதட்டின் ஓரத்தில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. அப்புறம் சுளீரென்று வலி. "வலிக்குதுங்க!" என்று அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். போன தடவை முகம் பூசணிக்காயாகி வெகுநாள் கிடந்தவள், இந்த முறை வீக்கம் சீக்கிரமே வடிந்து வேலைக்குப் போய்விட்டாள்.

மறுபரிசோதனையில் மருத்துவர் படத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். "வேர் கொஞ்சம் மேல நகர்ந்திருக்குக்கா. நரம்ப விட்டு விலகுது. நல்லதுதான்."

நல்லதுதான் என்று அவளுக்கும் தெரியும். ஆனால் அன்றிலிருந்து இடப்பக்கம் சாய்ந்து படுப்பதில்லை. சாப்பிட்டு முடித்ததும் நாக்கால் அந்த ஈறைத் தடவிப் பார்ப்பாள். வழவழவென்று மூடியிருக்கும். இருந்தும், கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சடக்கி நிற்பதுபோல், நாக்கை வெடுக்கென்று இழுத்துக்கொள்வாள்.