புரட்டாசியில் நின்ற பஸ்

திருப்பதி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மூன்றாவது மாடி ஒற்றை அறையில் ஒன்பது வருடம் குடியிருந்தவள் தாட்சாயணி. யாத்ரீகர்கள் தங்குகிற ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் எண்ணி வெளுக்கப் போடுவதும், வெளுத்து வந்ததை எண்ணி அடுக்குவதும் அவள் வேலை. காலை எட்டுக்குப் போனால் சாயங்காலம் ஐந்துக்கு விடுவார்கள். வெளுக்கிற இடத்துக்கு ஞாயிறு விடுமுறை. அதனால் அவளுக்கும் ஞாயிறு. கணவன் ஜெகநாதன் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். மூத்தவள் ஹர்ஷினிக்கு எட்டு வயது, சின்னவள் நந்திதாவுக்கு நாலு.

ஊரை விட்டுக் கிளம்ப வேண்டும் என்ற எண்ணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. பிள்ளைகள் படிக்கட்டில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நந்திதா பள்ளிப்பையைத் தலையில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வந்தாள். ஹர்ஷினி அவளை மறித்தாள்.

“ரூம் வேணுமா சார்? ஏசி கீது, சுடுதண்ணி கீது. வாங்க சார், அப்பால வந்தா காலி இருக்காது.”

“எத்தினி ரூபா?” என்றாள் நந்திதா.

“நீ இன்னா தர்றியோ தா சார். எனக்குக் கமிஷன் தனி.”

தாட்சாயணி முதலில் வாய்விட்டுச் சிரித்தாள். அப்புறம் கையில் இருந்த கரண்டியோடு அப்படியே நின்றாள். மண்ணில் கால் வைக்காத பிள்ளைகளுக்கு வேறு என்ன விளையாட்டு தெரியும்? கீழே இறங்கினால் வேனும் ஆட்டோவும். மேலே ஓடினால் கீழ்வீட்டுக்காரர் சத்தம் போடுவார்.

ஜெகநாதன் ரேணிகுண்டாவைச் சொன்னான். திருப்பதிக்குப் பக்கம், எந்த நேரமும் வண்டி உண்டு, கம்பெனி பஸ்ஸும் அங்கே வருகிறது என்றான். தாட்சாயணி போய்ப் பார்த்தாள். லாரிச் சத்தமும் புழுதியும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

“இந்தப் புழுதிக்கு நம்ம சந்தே மேலுங்க. இங்க வர்றதுக்கா மூட்டை கட்றது?” என்று திரும்பிவிட்டாள்.

அவளுக்குப் பிடித்த இடம் புத்தூர் தாண்டி நகரி ரோட்டில் இருக்கிற கொல்லமிட்டா. ரோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இரண்டு அறை வீடு. முன்னால் பெரிய வாசல், பக்கத்தில் வேப்பமரம், நாலு வீடு தள்ளிப் பள்ளிக்கூடம். கம்பெனி பஸ் புத்தூரில் ஆள் ஏற்றும் என்பதால் ஜெகநாதனுக்கும் பயணம் குறையும். வீட்டுக்காரி ஜெயம்மா எதிர்வீட்டிலேயே எருமை வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“இஸ்கோல் வுட்டா எங்கூட்ல இருக்கட்டும். வெளக்கு வெக்கிற நேரம் வரிக்கும் பாத்துக்கிறேன். அதுக்கு மேல முடியாது, எனக்குக் கறவை இருக்குது,” என்று ஜெயம்மா சொன்னாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குள் வீடு வந்து சேர முடியுமா? எல்லாமே அந்தக் கேள்வியில்தான் நின்றது. தாட்சாயணி அவசரப்படவில்லை. வேலை விட்டதும் கொல்லமிட்டாவுக்குப் பஸ் ஏறி, இறங்கி, மணி பார்த்துவிட்டுத் திரும்பினாள். ஒரு நாள் அல்ல, மூன்று நாள். மூன்று நாளும் சரியாக ஆறரைக்குக் கொண்டுவந்து விட்டார்கள். பஸ் முழுக்க மஞ்சள் துணியும் நாமமுமாக மலை இறங்கின ஜனம், கோவிந்தா கோவிந்தா என்று ஒரே சத்தம். அவள் எழுந்து நின்றதுமே கண்டக்டர் விசில் ஊதினார்.

மூன்றாம் நாள் இறங்கியதும் ரோட்டோரத்திலேயே மலை இருக்கிற திசை பார்த்துக் கும்பிட்டாள். பெருமாள் இடம் காட்டிவிட்டார் என்று அவள் மனம் நிறைந்துவிட்டது.

“டைம் கரெக்டா பாத்தியா?” என்று ஜெகநாதன் கேட்டான்.

“மூணு தபா பாத்தாச்சி. பெருமாளே பஸ்ஸ நிப்பாட்றாரு, உங்களுக்கு இன்னா கவல?”

அது புரட்டாசி மாசம். புரட்டாசியில் வீடு மாற மாட்டார்கள் அவர்கள் பக்கத்தில். ஐப்பசி பிறக்கட்டும் என்று காத்திருந்து, முதல் முகூர்த்தத்தில் பால் காய்ச்சிக் குடி போனார்கள். பிள்ளைகள் அன்றைக்கு வாசலில் ஓடின ஓட்டத்தைப் பார்த்து ஜெகநாதனே ரேணிகுண்டாவை மறந்தான்.

மறுநாள் சாயங்காலம் திருப்பதி பஸ் நிலையத்தில் கொல்லமிட்டாவுக்கு டிக்கெட் கேட்டாள். கண்டக்டர் ஏற இறங்கப் பார்த்து, தெலுங்கு கலந்த தமிழில் சொன்னார்.

“அக்கட ஆகதம்மா. நிக்காது. புத்தூர் வுட்டா நகரிதான்.”

“போன மாசம் நின்னுச்சே சார்? மூணு தபா எறங்கினேனே!”

“அதி, அந்த பஸ்ஸு, உற்சவம் ஸ்பெஷலு. கை காட்டின எடத்துல நிப்பாட்டுவோம். உற்சவம் முடிஞ்சிபோச்சே அம்மா தல்லி!”

புத்தூருக்கு டிக்கெட் வாங்கினாள். அன்றைக்குப் புத்தூரில் இறங்கினாள். அங்கிருந்து கிராமத்துக்குப் போகிற சாதா பஸ் ஏழரைக்கு. ஆறு மணிக்கு மேல் ஷேர் ஆட்டோவுக்கு ஆள் சேராது. வீட்டுக்கு வந்தபோது மணி எட்டு. ஜெயம்மாவின் கொட்டகையில் எருமைக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து நந்திதா தூங்கிக்கொண்டிருந்தாள். ஹர்ஷினி வாசல்படியில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா தாட்சாயணி, உங்க ஊர்ல வெளக்கு எட்டு மணிக்கா வெப்பாங்க?” என்றாள் ஜெயம்மா.

அன்றைக்கே கணவனிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. அவனுக்கு ஐப்பசியிலிருந்து மதிய ஷிப்ட். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நடுப்பகலில் கிளம்பினால், ஊர் அடங்கின பிறகுதான் வருவான். சாயங்காலம் வீட்டில் என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரிய வழியில்லை. நாளைக்கு ஏதாவது வழி பிறக்கும் என்று தாட்சாயணி நாளைத் தள்ளினாள். லாட்ஜில் நாலு மணிக்கு விடச் சொல்லிக் கேட்டாள். விரிப்பு வந்து சேருவதே நாலரைக்குத்தான் என்றார்கள். எட்டு மணி வரைக்கும் பிள்ளைகளை வைத்துக்கொள்ளச் சொல்லி ஜெயம்மாவின் காலைத் தொடாத குறையாகக் கெஞ்சினாள். அவளும் முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டாள்.

“அவர் கேட்டா ஆறரைக்கே வந்துட்டேன்னு சொல்லுக்கா. கொஞ்ச நாள்தான்.”

“எனக்கு எதுக்கும்மா இந்தப் பாவம்? கேட்டா வாய மூடிக்கினு இருப்பேன், பொய் சொல்ல மாட்டேன்.”

பிள்ளைகளிடமும் அதையே சொன்னாள். நைனா கேட்டால் அம்மா ஆறரைக்கு வந்தாச்சு என்று சொல்ல வேண்டும். சொல்லும்போது ஹர்ஷினியின் முகத்தைப் பார்க்காமல் பால் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

கார்த்திகை, மார்கழி போய்த் தை வந்தது. கூட வேலை செய்கிற சுந்தரி, “இன்னாக்கா, கிராமத்துக் காத்துக்கு உடம்பு தேறும்னு பாத்தா துரும்பா போய்க்கினு கீறியே,” என்று கேலி செய்தாள். தாட்சாயணி சிரித்துவைத்தாள். காலையில் ஆறரைக்கு அவள் கிளம்பும்போது நந்திதா எழுந்திருக்க மாட்டாள். எட்டு மணிக்கு வரும்போது தூங்கிப்போயிருப்பாள். பிள்ளைகளுக்காக ஊர் மாறினவள், வாரத்தில் ஆறு நாள் சின்னவளின் குரலைக் கேட்பதில்லை. விளக்கேற்றிக் கும்பிடும்போது, “இடம் காட்டினது நீதானே பெருமாளே, பஸ்ஸையும் கொடுத்திருக்கக் கூடாதா?” என்று மனசுக்குள் கேட்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நாலு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ரசத்தைப் பிசைந்துகொண்டே ஜெகநாதன் கேட்டான்.

“நேத்து ஆறே முக்காலுக்கு போன் பண்ணேன். ஏன் எடுக்கல?”

அந்த நேரத்தில் அவள் புத்தூரில் கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். மணி அடித்தது காதில் விழவில்லை. பதில் தேடி வாயைத் திறப்பதற்குள் ஹர்ஷினி முந்திக்கொண்டாள்.

“அம்மா எனக்குக் கணக்கு சொல்லிக் குடுத்துக்கினு இருந்தாங்க நைனா. போன் உள்ள சார்ஜ்ல இருந்துச்சி. நான்தான் சத்தத்தக் கம்மி பண்ணி வெச்சிட்டேன்.”

கண் சிமிட்டவில்லை, குரல் தடுக்கவில்லை. சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினாள். ஜெகநாதன் “சரி” என்று அடுத்த கவளத்தை எடுத்தான்.

தாட்சாயணி பிசைந்த கையை நிறுத்தினாள். இந்தப் பொய்யை அவள் சொல்லிக் கொடுக்கவில்லை. பிள்ளையே புதிதாகக் கட்டி, மூலையெல்லாம் பூசி மெழுகிக் கொடுத்திருக்கிறது. திருப்பதிப் படிக்கட்டில் ரூம் கமிஷன் பேசினதைக் கேட்டு அந்த ஊரே வேண்டாம் என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இங்கே வந்து அவளே கற்றுக்கொடுத்த பாடம் இதா?

“அவ சொன்னது பொய்ங்க,” என்றாள்.

ஜெகநாதன் நிமிர்ந்தான். அவள் தலை குனிந்தபடி எல்லாவற்றையும் சொன்னாள். உற்சவ பஸ், எட்டு மணி, ஜெயம்மாவிடம் கெஞ்சினது, பிள்ளைகள் வாயில் பொய்யைத் திணித்தது. சொல்லச் சொல்லக் கையில் சோறு காய்ந்துபோனது.

“மூணு மாசமாவா?”

“மூணு மாசமா.”

“பெருமாள் நிப்பாட்றாருன்னு சொன்னியே!”

“அவர் இன்னா பண்ணுவாரு? நான்தான் என் ஆசைய அவர் தலைமேல போட்டேன்.”

“ரேணிகுண்டான்னு அன்னிக்கே சொன்னேன். புழுதின்னு மூக்கச் சுளிச்ச. எங்கிட்ட மறைக்கிறதுக்குப் புள்ளையக் கூட்டு சேத்துக்கினியா?” என்று எழுந்து கையைக் கழுவிவிட்டு வெளியே போனான். வேப்பமரத்தடியில் வெகுநேரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

திரும்பி வந்தபோது கோபம் தணிந்திருக்கவில்லை. ஆனாலும் பேசினான். பரீட்சை முடிகிற வரைக்கும் பிள்ளைகளைப் பள்ளி மாற்ற முடியாது. காலை ஷிப்ட் கேட்டுப் பார்க்கிறேன், கொடுப்பார்கள் என்று சொல்ல முடியாது. சித்திரையில் ரேணிகுண்டாவோ புத்தூரோ, உற்சவம் எதுவும் இல்லாத நாளாகப் பார்த்து இரண்டு பேருமாகப் போய் பஸ்ஸைப் பார்ப்போம், வீட்டை அப்புறம் பார்ப்போம் என்றான். அவள் தலையை ஆட்டினாள். வாசலில் நந்திதா மண்ணைக் குவித்துக் கோபுரம் கட்டிக்கொண்டிருந்தாள். இதையும் பிடுங்கப் போகிறோமே என்று தாட்சாயணி நினைத்தாள்.

ஹர்ஷினி அவள் பக்கத்தில் வந்து நின்றாள். முகம் சுண்டியிருந்தது.

“நான் உனக்காகத்தானே சொன்னேன். என்னய ஏம்மா மாட்டி வுட்ட?”

தாட்சாயணி அவளை இழுத்து மடியில் உட்காரவைத்தாள். பிள்ளை விறைப்பாகவே உட்கார்ந்திருந்தது.

“தப்பு என்னுதுடா. இனிமே நைனா கேட்டா நடந்தத நடந்தபடி சொல்லு.”

“அப்ப நாளைக்கு ஆறரைக்கு வந்துடுவியா?”

“இல்லடா. எட்டு மணிதான் ஆவும்.”

ஹர்ஷினி மடியை விட்டு இறங்கித் தங்கச்சியிடம் போய்விட்டாள்.