பதினைந்தாவது மட்டை

ரயிலில் என் தோளில் தொங்கும் நீளப் பையைப் பார்த்து "கச்சேரிக்கா?" என்று கேட்பவர்களிடம் இப்போதெல்லாம் "ஆங்" என்று சொல்லிவிடுகிறேன். கோல்ஃப் என்று சொன்னால் அரக்கோணம் வரைக்கும் விளக்க வேண்டும். நாற்பத்து நான்கு வயதாகிறது. திருத்தணியிலிருந்து சென்னைக்கு இருபத்தெட்டு வருஷமாகப் போய் வருகிறேன். முட்டி வலிக்கிறது, இடுப்பு வலிக்கிறது, விளக்குவதும் வலிக்கிறது.

பதினாறு வயதில் சென்னையில் ஒரு மைதானத்தில் பணக்காரர்களின் பையைத் தூக்கப் போனவன் நான். அங்கே கற்றுக்கொண்ட முதல் பாடம் எண்ணுவது. ஒருவர் பையில் பதினான்கு மட்டைக்கு மேல் இருக்கக்கூடாது, இருந்தால் தண்டனை. ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவேன். பை தூக்கியவன் மெல்ல ஆடக் கற்று, அதையே தொழிலாக்கிக்கொண்டேன். பெரிய கோப்பை எதுவும் வாங்கியதில்லை. ஊர் ஊராகப் போய் ஆடுவேன். இரண்டாம் நாள் முடிவில் பாதிப் பேரைக் கழித்துவிடுவார்கள், அதில் தப்பினால்தான் சம்பாத்தியம். வருஷக் கடைசியில் பட்டியலில் இடம் நின்றால் அடுத்த வருஷமும் ஆடலாம், அதற்குப் பெயர் கார்டு. தோற்றவர்கள் புல்லைத் திட்டுவார்கள், காற்றைத் திட்டுவார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நான் அவர்களைக் கிண்டல் செய்வேன்.

போன வருஷம் என் கார்டு கையை விட்டு நழுவிக்கொண்டிருந்தது. மிச்சம் இருந்தது பெங்களூரில் ஒரே ஒரு போட்டி. அதில் கழிபடாமல் தப்பினாலே போதும், இன்னொரு வருஷம் கிடைக்கும். இல்லாவிட்டால் பயிற்சித் திடலில் ஐ.டி. கம்பெனிக்காரர்களுக்கு மட்டையைப் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கப் போக வேண்டியதுதான்.

என் மனைவி நகரிப் பக்கத்துப் பெண், என் மாமன் மகள். இன்றைக்கும் தெலுங்கு வழக்கில் பாவா என்றுதான் கூப்பிடுவாள். கார்டு நிலைத்தால் மலைக்கோயிலின் முன்னூற்று அறுபத்தைந்து படிக்கும் மஞ்சள் குங்குமம் வைப்பதாக முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். படிக்குப் படி குனிய வேண்டும், உன் இடுப்பும் போய்விடும் என்றேன்.

"போனா போவட்டும். வூட்ல ரெண்டு பேரும் ஒரே மாதிரி இருப்போம்" என்றாள்.

ஆயுத பூஜை வந்தது. வழக்கம்போல மட்டைகளைத் துடைத்து, அவளுடைய அரிவாள்மனை, கிரைண்டர் பக்கத்தில் சாத்தி வைத்தோம். ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு. பீரோவுக்குப் பின்னால் கிடந்த பழைய ஏழாம் நம்பர் மட்டையையும் எடுத்து வைத்தாள். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஆடியது அது. இப்போது ஆடுவது வேறு ஏழாம் நம்பர். பூஜைக்கு வைத்ததை மறுநாள் காலை வரை தொடக்கூடாது. மறுநாள் காலையிலேயே எனக்கு ரயில். நான் குளித்துவிட்டு வருவதற்குள் அவளே எல்லாவற்றையும் பையில் போட்டு ஜிப்பை இழுத்து வைத்திருந்தாள்.

பெங்களூரில் இறங்கிய அன்று மழை, பையைத் திறக்கவே இல்லை. அடுத்த நாள் காலை பையை நானே சுமந்துகொண்டு ஆடினேன். முதல் இரண்டு குழியும் நல்லபடியாக முடிந்தன. மூன்றாவதில் ஏழாம் நம்பரை உருவினால், கையில் தேய்ந்துபோன பிடி. இரும்பில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. உள்ளே பார்த்தேன், புது ஏழாம் நம்பரும் இருந்தது. எண்ணினேன். பதினைந்து.

கூட ஆடியவர்கள் யாரும் பார்க்கவில்லை. திரும்பச் செருகிவிட்டு நடந்திருக்கலாம். ஆனால் இந்த ஆட்டத்தில் நடுவர் ஒவ்வொருவன் பின்னாலும் வருவதில்லை, அவனவன் தப்பை அவனவனே சொல்ல வேண்டும். கையைத் தூக்கிச் சொன்னேன். குறைந்த அடியில் முடிப்பவன் ஜெயிக்கிற ஆட்டத்தில் என் கணக்கில் நான்கு அடி கூடியது. இரண்டாம் நாள் முடிவில் இரண்டே அடி வித்தியாசத்தில் கழிபட்டேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் மேல் ஆத்திரம். வீட்டுக் கதவைத் திறந்த அவள் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது. "சரியா ஆடல" என்று மட்டும் சொன்னேன். பழைய மட்டையைச் சத்தமில்லாமல் பீரோவுக்குப் பின்னால் தள்ளினேன். உண்மை தெரிந்தால் உடைந்துபோவாள் என்று நினைத்தேன். அப்படி மறைத்ததில் எனக்கு உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது. எவ்வளவு நல்ல மனுஷன் நான்!

அவளோ முருகனோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். மாதம் தவறாமல் கிருத்திகைக்கு மலை ஏறுகிறவள், ஐப்பசியில் போகவில்லை, கார்த்திகையிலும் போகவில்லை. காவடி எடுத்து வந்த உறவுக்காரர்களுக்குச் சோறு போட்டாள், கூட ஏறவில்லை. "அவரு நம்ம பேச்ச கேக்கற மாதிரி தெரியல" என்பாள். நான் பயிற்சித் திடலுக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். அங்கே கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அடித்தால் பாதி நேரம் பந்து போகும், பாதி நேரம் புல்தான் போகும். "நல்ல அடி சார்" என்று சொல்லிச் சொல்லியே களைத்துப் போனேன்.

மார்கழிக் கிருத்திகை வந்தது. தெருவில் அரோகரா சத்தம் ஓயாமல் போய்க்கொண்டிருந்தது. அவள் கதவைச் சாத்திவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, எனக்கு முருகனை நினைத்தால் பாவமாக இருந்தது. இதற்கு மேல் சுமக்க முடியவில்லை.

"சாமி மேல தப்பில்ல. அன்னிக்கு பையில நீ பழசையும் சேத்துப் போட்டுட்ட. பதினஞ்சு ஆயிடுச்சி. அதுலதான் எல்லாம் போச்சி" என்றேன்.

அவள் கை நின்றது. அழுவாள் என்று தயாராக இருந்தேன். "போனா போவுது, வுடு" என்ற வார்த்தையைக்கூட நாக்கு நுனியில் வைத்திருந்தேன்.

"பூஜையில வச்சத தனியா வுட்டுட்டுப் போனா ஆவாதுன்னுதான் போட்டேன்" என்றாள். பிறகு கேட்டாள்: "ஆட்டத்துக்கு முன்னாடி எண்ணிப் பாக்கறது யாரு வேல பாவா?"

"என் வேலதான்."

"எண்ணினியா?"

எண்ணவில்லை. ஊரார் பையையெல்லாம் எண்ணியவன், அன்று அலுப்பில் என் பையை எண்ணாமல் நடந்தேன். இது எனக்கு மூன்றாவது குழியிலேயே தெரியும். தெரிந்ததை ஓரமாகத் தள்ளிவிட்டு, இரண்டு மாதத்துக்கு மேலாகக் கூடத்தைக் கோணல் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அப்போ, இத்தினி நாளா என்ன மன்னிச்சுகினு இருந்தியா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் எழுந்துபோய் முகம் கழுவினாள், புடவை மாற்றினாள், மஞ்சளையும் குங்குமத்தையும் தட்டில் எடுத்து வைத்தாள். நானும் சட்டையைத் தேடினேன்.

"நீ வராத" என்றாள், கதவைத் திறந்துகொண்டே. "ஒண்ணும் தெரியாம அவரோட கோச்சுகினு இருந்துட்டேன். நான் போயி அவருகிட்ட மன்னிப்பு கேட்டுக்கறேன். நீ யாருகிட்ட கேக்கணும்னு, நான் வர்றதுக்குள்ள யோசிச்சி வை."