பலகையில் பாதியில் விட்ட பிரபஞ்சம்

ஹாம்பர்க்கில் எங்கள் ஆய்வுக்கூடத்தின் கரும்பலகை காப்பி மெஷினுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. இந்த ஊர்க்காரர்கள் ஒரு கையில் கோப்பையும் மறுகையில் சாக்பீஸுமாக நின்று பிரபஞ்சத்தின் பிறப்பைப் பற்றிச் சண்டை போடுவார்கள். முதலில் சிரிப்பாக வந்தது. இப்போது நானும் அப்படித்தான்.

பிரபஞ்சம் பிறந்த கணத்திலேயே அசுர வேகத்தில் ஊதிப் பெருத்தது என்கிறோம். அதற்கு இன்ஃபிளேஷன் என்று பெயர். ஒவ்வொரு துகளுக்கும் ஒரு ஜோடி உண்டு என்கிற சூப்பர்சிமெட்ரி அந்த நேரத்தில் எப்படி உடைந்தது என்பதுதான் என் கணக்கு. தொல்லை என்னவென்றால், அது உடைந்ததும் பெருக்கத்தை ஓட்டும் ஆற்றலின் வளைகோடு செங்குத்தாகிவிடுகிறது. பெருக்கம் தொடங்கியதுமே நின்றுபோகிறது. கொல்லிமலையிலிருந்து சேந்தமங்கலத்துக்கு இறங்கும் பஸ் மாதிரி மெல்ல மெல்ல இறங்கினால்தான் பிரபஞ்சம் தேறும். அந்தச் சரிவைச் சரிசெய்தால் என் ஒப்பந்தம் நீளும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மலைமேல் எங்கள் திருப்புலி நாட்டில் மிளகும் மரவள்ளியும் போடும் அப்பாவிடம் போனில் இதைச் சொன்னேன்.

"அதுக்கென்ன, வந்துரு சாமி. இங்க சோத்துக்கா பஞ்சம்?" என்றார்.

போன மாதம் ஒரு மாலை கணக்கைப் பலகையில் பாதியில் விட்டுப் போனேன். காலையில் பார்த்தால் குறுக்கே சிவப்புக் கோடு, சுற்றிலும் யாருடையதோ கிறுக்கல். எங்கள் பக்கம் ஒருவர் களத்தில் காயப்போட்ட மிளகை இன்னொருவர் கேட்காமல் கிளறிக்கூட விடமாட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வரி விடாமல் துடைத்துத் தள்ளினேன்.

பக்கத்து அறை லூக்காஸ் கோப்பையோடு வந்து அப்படியே நின்றான். "ஏன் அழித்தாய்? சரிவைக் குறைக்க வழி எழுதியிருந்தேனே."

"என் கணக்கில் கேட்காமல் ஏன் கை வைத்தாய்?"

"பலகையில் விட்டுப் போனாயே. உதவி கேட்கிறாய் என்றுதானே அர்த்தம்?"

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவன் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல நான் திரும்ப எழுதினேன். சிமெட்ரி என்கிற சீர்மை இன்னொன்றைச் சேர்த்தால் சரிவு தணியும் என்பது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. என் கணக்கில் அதை எங்கே பொருத்துவது என்று அவன் கண்டுபிடித்திருந்தான். மதியச் சாப்பாட்டுக்குள் வளைகோடு சாதுவாகப் படுத்துவிட்டது. இப்போதெல்லாம் வேண்டுமென்றே பாதிக் கணக்கை விட்டுப் போகிறேன். காலையில் யார் என்ன எழுதியிருப்பார்கள் என்று பார்க்க வருவதே சுகமாக இருக்கிறது.

ஒப்பந்தம் நீண்டதும் அப்பாவை அழைத்தேன்.

"சந்தோசம் கண்ணு," என்றார். "நீ வந்தா உக்காந்து எழுதறதுக்குன்னு ஒரு மேசை வாங்கி மலைக்கு ஏத்தியாந்தேன். சன்னலோரமாப் போட்டிருக்கறேன். அதுமேல மொளகு மூட்டைய வெச்சுக்கட்டுமா?"

"அப்படியே கெடக்கட்டுங்கப்பா," என்றேன்.

எப்போது வருவாய் என்று அவர் கேட்கவில்லை.